மாவாட்டுகிற வீட்டுக்கு என்ன பிரீமியம்?

பின்கோடைத் தட்டுகிறீர்கள், எத்தனையாவது மாடி என்று தட்டுகிறீர்கள், கட்டிடத்தின் வயதைத் தட்டுகிறீர்கள். அடுத்த நொடி பிரீமியம் வந்து விழுகிறது. வாடிக்கையாளர் "ஏன் பக்கத்து வீட்டைவிட எனக்குக் கூட வருது?" என்று கேட்டால் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, "சிஸ்டம் சொல்லுது சார்" என்கிறீர்கள். நேற்று, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாடம் சொல்ல விருந்தாளியாகக் கூப்பிட்ட இடத்தில் முதல் நாளே வாயைத் திறக்க வேண்டாமே என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு விடுவதாக இல்லை.

நம் காப்பீட்டுக் கம்பெனியின் பூனா கேம்ப் கிளையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவள் நான். அப்பாவுக்கு லோஹேகாவ் விமானப்படையில் வேலை. அதனால் வளர்ந்ததும் இந்த ஊர்தான். எனக்கு வந்த மேலாளர்கள் ஆளுக்கு ஒரு ஊர், ஆளுக்கு ஒரு குணம். ஆனால் அத்தனை பேரும் என்னிடம் கேட்ட ஒரே உதவி, "கொஞ்சம் மெதுவாப் பேசும்மா" என்பதுதான். அது மட்டும் கடைசி வரை என்னால் முடியவில்லை.

அந்தக் காலத்தில் கட்டண விகிதம் புத்தகமாக அச்சாகி வரும். சுவர் செங்கல்லா, கூரை கான்கிரீட்டா ஓடா, தரைத்தளமா மாடியா, பக்கத்தில் நாலா என்கிற சாக்கடை ஓடை ஓடுகிறதா, வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் ஊருக்குப் போவீர்களா, சாமான்களைப் பழைய விலைக்கு எழுதுவதா புதிது வாங்கும் விலைக்கு எழுதுவதா என்று எல்லாம் கேட்டுத்தான் தொகை போடுவோம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எந்தப் புத்தகத்துக்கும் தெரியாது. உங்கள் சிஸ்டத்துக்கும் தெரியாது. கேட்டால்தான் தெரியும். அதிலும் நம்ம தமிழ் ஆட்களிடம் கேட்டு வாங்குவதற்குள் உயிர் போய்விடும். "எங்க வீட்ல அப்படி என்னங்க இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கண் பட்டுவிடுமாம்! நகை உண்டா என்று கேட்டால் கழுத்தில் கிடப்பதைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்வார்கள்.

நாச்சிமுத்து அண்ணன் அப்படித்தான் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். தேஹு ரோடு ராணுவ டெப்போவில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்று, கோர்படியில் ரயில் பாதையை ஒட்டி ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கியிருந்தார். பூனாவுக்கு ஐ.டி. கம்பெனிகள் வந்து, சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிய காலம் அது. கவுண்டரில் என் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தார்.

"அம்மிணி, நீங்க தமிழுங்களா? பேரப் பாத்ததும் நெனச்சனுங்க."

"ஆமாண்ணா, உட்காருங்க. வீட்டுக் கூரை என்னது?"

"ஓடுங்க. சட்டமெல்லாம் தேக்கு."

"மரச்சட்டம்னா கொஞ்சம் கூடும்ணா."

"தேக்குக்குமா கூடும்?"

"தேக்குன்னா நெருப்பு செருப்பைக் கழட்டி வெச்சுட்டு வெளியவே நிக்குமாண்ணா?"

விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் டெப்போ ஆளுங்க. வாசல்ல மணல் வாளி ரெண்டு நெறச்சு வெச்சிருக்கறேன். அதுக்கு ஏதாச்சும் கொறைப்பீங்களா?" என்றார். வெடிமருந்துப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்தவர். வீட்டிலும் சிவப்பு வாளி வைத்திருந்தார். எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துப்போய்விட்டது. வாளிக்குக் குறைக்கப் புத்தகத்தில் இடமில்லை என்று சொன்னேன். சரியென்று தலையாட்டினார்.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "வீட்ல ஏதாவது தொழில் நடக்குதாண்ணா? தையல், டியூஷன், சமையல், அந்த மாதிரி?"

"தொழிலா? நானே ரிட்டயர்டு ஆளுங்க. அவ சும்மா ஊட்லதான் இருக்கறா."

எழுதிக்கொண்டேன், கையெழுத்துப் போட்டார், பாலிசி போய்ச் சேர்ந்தது.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு மத்தியான வேளை, அந்த வீட்டின் சமையலறையில் தீப்பிடித்தது. மழையில் ஊறிய சுவர், பழைய வயரிங். ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரின் மோட்டாரில் பொறி கிளம்பியிருக்கிறது. அவருடைய மனைவி ரங்கம்மாள் அப்போது வீட்டில் இல்லை. நாச்சிமுத்து அண்ணன் மணலை அள்ளிக் கொட்டி, கேஸ் சிலிண்டரை இரண்டு கைகளாலும் இழுத்துத் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார். அதில் முழங்கை வரை தோல் வெந்துபோனது. அவர் மட்டும் இல்லையென்றால் அந்த வரிசை வீடுகளே போயிருக்கும். வீடு நின்றது. சமையலறையும் அதன் மேலிருந்த தேக்குச் சட்டமும் போய்விட்டன.

சேதத்தை மதிப்பிட சர்வேயர் போனார். மராத்திக்காரர், வளவளவென்று பேசாதவர். ஆளுக்கு ஆள் பாஷை இடிக்குமே என்று மேலாளர் என்னையும் கூட அனுப்பினார்.

உள்ளே நுழைந்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். கரி பிடித்த சுவரோரம் நின்றது வீட்டுக் கிரைண்டர் இல்லை. ஓட்டல்களில் வைத்திருப்பார்களே, சாய்த்து மாவைக் கொட்டுகிற பெரிய கிரைண்டர், அது இரண்டு. பக்கத்தில் மூடி போட்ட எவர்சில்வர் அண்டாக்கள், இரண்டு ஃபிரிட்ஜ், ஒரு தராசு. மூலையில் பிளாஸ்டிக் பைக் கட்டுகள் உருகி ஒரே உருண்டையாகக் கிடந்தன. இட்லி மாவு வியாபாரம். கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் புளித்த மாவு வாசனையே காட்டிக்கொடுத்திருக்கும்.

வீட்டுக்கென்று எடுத்த பாலிசியில், சொல்லாமல் வியாபாரம் நடந்திருக்கிறது. தீப்பிடித்ததும் அந்த வியாபார மெஷினிலிருந்துதான். கம்பெனி ஒரு பைசா தராமல் கையை உதறிவிட்டுப் போகலாம். அப்படிப் போனால் அந்தச் சமையலறை மறுபடி எழும்பாது, அவர் பென்ஷனில் அதற்கு வழியில்லை. வாசலில் கட்டுப்போட்ட கையோடு நின்றவருக்கும் அது தெரிந்திருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மிணி, அந்தாளுக்குத் தமிழ் தெரியாதுங்கல்ல?"

"தெரியாதுண்ணா."

"அவரு கேட்டா நீங்களே சொல்லிப்போடுங்க. சொந்தபந்தம் ஜாஸ்தி, வந்து போறவங்களுக்கு ஆட்டறதுன்னு. நம்மாளுன்னு உங்களத்தான் நம்பியிருக்கறனுங்க."

பிள்ளைகளே, இந்த ஊரில் நாள் முழுக்க இந்தியும் மராத்தியும் பேசிவிட்டு, ஒருவர் நம் பாஷையில் "நம்மாளு" என்று சொல்லும்போது மனசு என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. எனக்கும் பட்டது. ஆனாலும் சொன்னேன். "அண்ணா, நீங்க என்ன சொல்றீங்களோ அதை அப்படியே அவருக்குச் சொல்றேன். நானா ஒண்ணு சேர்த்துச் சொல்ல மாட்டேன். என்னை மன்னிச்சுக்கோங்க."

அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. அதற்குள் சர்வேயர் கிரைண்டரைக் காட்டி, எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டார். "யே கர் கா ஹை, யா தந்தே கா?" வீட்டுக்கா, வியாபாரத்துக்கா என்பதுதான் கேள்வி.

நாச்சிமுத்து அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து வேறொரு குரல் வந்தது.

"தந்தா ஆஹே. மாஜா தந்தா ஆஹே. மீ கர்தே."

தொழில்தான், என்னுடைய தொழில், நான் செய்கிறேன். ரங்கம்மாள்தான். அதுவரை சாம்பலில் எதையோ தேடிக்கொண்டு குனிந்திருந்தவர், முந்தானையில் கையைத் துடைத்தபடி எழுந்து வந்தார். அடேயப்பா, என்ன மராத்தி! பேட்டைச் சந்தையில் அரிசி மூட்டைக்கு விலை பேசிப் பழகிய மராத்தி. எனக்கு அதில் பாதிகூட வராது.

"ரங்கா!" என்று அவர் பதறினார். "போச்சு. எல்லாத்தையும் கெடுத்துப்போட்டே. இனி ஒண்ணும் வராது."

"வராட்டிப் போகுதுங்க." அந்தம்மாவின் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "எரிஞ்சது என்ற சொந்த மெஷினுங்க. லோஹேகாவ் குவார்ட்டர்ஸ்ல ஏறி எறங்கி, ஐ.டி. பசங்க ரூம் ரூமாப் போயி, நான் தூக்கிச் சொமந்து வாங்குனது. அது ஊட்டுச் சாமான்னு சொன்னா, இத்தன வருசம் நான் என்னதான் பண்ணிட்டிருந்தேன்? நீங்களே சொல்லுங்க."

"நாலு பேரு என்ன பேசுவாங்க? டெப்போ ஆளுக வந்து போறாங்க. பொண்டாட்டி மாவு வித்துச் சாப்பிடறான்னு..."

"வித்துத்தானே சாப்பிட்டோம்?"

அவர் கரிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அங்கே நிற்க முடியாமல் தெருப் பக்கம் பார்த்தேன். "சும்மா ஊட்லதான் இருக்கறா" என்று அவர் என்னிடம் சொன்னது பொய் சொல்வதற்காகச் சொன்னது இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், அவர் அப்படியேதான் நம்பியிருந்தார். காலையில் எழுந்து அரிசி ஊறப்போடுவதும், ஆட்டுவதும், பையில் கட்டுவதும், ஷேர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போவதும் அவர் கண்ணில் வீட்டு வேலை. நம் வீடுகளில் பெண்கள் செய்வது எவ்வளவு பெரிதானாலும் அதற்கு வேறு பெயர் கிடையாது. தன் வீட்டில் நடப்பதைத் தொழில் என்றே எண்ணாமல் ஒரு மனிதர் காப்பீட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சர்வேயருக்கு வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. அதுவரை முறைப்பாகவே நின்றவர், "தாயி" என்று, அதாவது மராத்தியில் அக்கா என்று, மரியாதையாக அந்தம்மாவைக் கூப்பிட்டார். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஆட்டுவீர்கள், வயரிங் யார் போட்டது, எந்த மெஷின் முதலில் பிடித்தது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ரங்கம்மாள் நேராகப் பதில் சொன்னார். தனக்குச் சாதகமில்லாத பதிலைக்கூட அப்படியே சொன்னார்.

கிளைக்குத் திரும்பியதும் மேலாளர் காகிதங்களைப் பார்த்த கையோடு சொல்லிவிட்டார். "தொழிலை மறைத்திருக்கிறார்கள். நிராகரித்துவிடு. இன்றே கடிதம் போக வேண்டும்." நல்ல மனிதர்தான். ஆனால் தணிக்கையாளர்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தார்கள், அவருக்குப் பயம். எனக்கும் பயம். தமிழ் ஆட்கள் என்பதால் இவள் பரிந்து பேசுகிறாள் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், என் கதை முடிந்தது.

எதிரே உட்கார்ந்து ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "சார், முதல் நாளே அவர் வந்து, என் மனைவி மாவு ஆட்டி விற்கிறாள் என்று சொல்லியிருந்தால், நாம் பாலிசி இல்லையென்று அனுப்பியிருப்போமா?"

"இல்லை. கூடுதலாக வாங்கிக்கொண்டு கொடுத்திருப்போம்."

"அப்படியானால் நமக்கு வராமல் போனது அந்தக் கூடுதல்தானே சார்? அந்த அளவுக்கு வெட்டலாம். மொத்தத்தையும் எப்படி வெட்டுவது? சர்வேயர் கேட்ட முதல் கேள்விக்கே உண்மையைச் சொன்ன வீடு சார் அது. சர்வேயரும் அப்படித்தான் எழுதுவார்."

பேனாவை மூடி மூடித் திறந்தார். அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தார். "எழுது," என்றார் கடைசியில். "ஆனால் அந்த மெஷின்களுக்குத் தர முடியாது. அதற்கு அவர்கள் பிரீமியமே கட்டவில்லை." அதை நான் மறுக்கவில்லை, அது சரியான பேச்சு. மண்டல அலுவலகமும் கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு ஒத்துக்கொண்டது. கூரைக்கும் சுவருக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் கொஞ்சம் வெட்டித் தருவது, கிரைண்டர்களுக்கும் வியாபாரச் சாமான்களுக்கும் ஒன்றும் இல்லை.

அதைச் சொல்ல நானே கோர்படிக்குப் போனேன். ரங்கம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "நாயந்தானுங்க அம்மிணி. கட்டாததுக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது?" என்றவர், உடனே எனக்குக் காப்பி போட முற்றத்து அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார். நாச்சிமுத்து அண்ணன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல், கட்டுப் பிரித்த கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சமையலறை எழும்பியது. இந்த முறை மேலே கான்கிரீட், புது வயரிங். ஆனால் மெஷின் இல்லை. லோஹேகாவிலிருந்து விமானப்படை வீட்டுப் பெண்கள் மாவு எப்போது வரும் என்று ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அந்தம்மா வீட்டுக் கிரைண்டர் ஒன்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி, வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நாச்சிமுத்து அண்ணன் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கோயம்புத்தூருக்கு ரயிலேறிவிட்டார். தம்பி வசம் கிடந்த தன் பங்குத் துண்டு நிலத்தை விற்று, பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கி, ரயில் பார்சலில் போட்டுவிட்டுத் தானும் அதே ரயிலில் வந்து இறங்கினார். பார்சல் ஆபீஸிலிருந்து டெம்போவில் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார் என்று ரங்கம்மாள் பிற்பாடு என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

நான் சொல்ல வந்த பாடம் இவ்வளவுதான். வீட்டின் பிரீமியத்தை ஏற்றுவதும் இறக்குவதும் கூரையும் பூட்டும் நாலாவும் மட்டும் இல்லை. அந்த வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்பதும்தான். வீட்டுக்கு உரிமையாளர் யாராக இருந்தாலும், பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் யாரோ அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். போனிலாவது கேளுங்கள். "தொழில் உண்டா" என்று கேட்டால் நம் பெண்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். "காலையிலிருந்து என்னம்மா செய்வீங்க?" என்று கேளுங்கள். எல்லாம் வந்துவிடும். அந்த வீட்டுக்குப் பிறகு நான் அப்படித்தான் கேட்டேன். உங்கள் சிஸ்டத்தில் அதற்குக் கட்டம் இல்லாவிட்டாலும் கேளுங்கள்.

பாலிசியைப் புதுப்பிக்கும் நாளில் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். ரங்கம்மாள் அதுவரை எங்கள் கிளைக்கு வந்ததில்லை. பட்டுப்புடவை உடுத்தி, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மாத முடிவு, அவர்களுக்குப் பின்னால் நீள வரிசை.

"அம்மிணி, இந்தத் தடவ எல்லாத்தையும் எழுதுங்க," என்றார் நாச்சிமுத்து அண்ணன். "தொழில் நடக்குதுங்க. பெரிய கிரைண்டர் ஒண்ணு, ஃபிரிட்ஜ் ரெண்டு, தராசு, அண்டா, எல்லாமே."

எல்லாவற்றையும் புது விலைக்கு எழுதிக் கணக்குப் போட்டேன். கான்கிரீட் கூரைக்குக் குறைந்தது, தொழிலுக்கும் மெஷினுக்கும் அதைவிட அதிகம் ஏறியது. தொகையைத் திருப்பிக் காட்டினேன். ரங்கம்மாள் அதைப் பார்த்து அப்படியே சுருங்கிப்போய்விட்டார்.

"ஏனுங்க, என்னாலயா இவ்வளவு ஏறுது?" என்று கணவர் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். "வேண்டாமுங்க. ஊட்டுக்கு மட்டும் போடச் சொல்லுங்க. மெஷின விட்டுப்போடலாம். ஒரு தடவ ஆனது மறுபடியுமா ஆகப்போகுது?"

கரிச் சுவருக்கு முன்னால் நின்று அப்படிப் பேசிய பெண்தான் இவர். ஒரு தொகையைப் பார்த்ததும் தன் தொழிலைத் தானே ஒளித்துவைக்கத் தயாராகிவிட்டார். எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அன்று, வாழ்க்கையில் அபூர்வமாக, நான் பேசாமல் இருந்தேன்.

நாச்சிமுத்து அண்ணன் குரலைத் தாழ்த்தவில்லை. வரிசையில் நின்ற ஆட்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரியே பேசினார்.

"எழுதத்தான் வேணும் ரங்கா. போனா எவ்வளவு போகும்னு பாத்துத்தான இவங்க காசு கேக்கறாங்க? உன்ற வேலை போனா நமக்கு அவ்வளவு போகுது." பிறகு என்னைப் பார்த்து, "பாலிசிய அவ பேர்லயே போடுங்க அம்மிணி. தொழில்ங்கற எடத்துல மாவு யாவாரம்னு எழுதுங்க," என்றார்.

சர்வேயர் முன்னால்கூட அழாத அந்தம்மா, அத்தனை பேர் முன்னாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். "இத்தன வருசத்துல இப்பத்தானுங்க அம்மிணி சொல்றாரு," என்றார் விம்மலுக்கு நடுவே. நாச்சிமுத்து அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தழும்பேறிய கையை அந்தம்மாவின் தோளில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். வரிசையில் யாரோ நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கும் வரை அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.